ரேஸ்குரோனோ ப்ரோவும் ஒரு வெளி ஜிபிஎஸ்ஸும்: ஓடுபாதை வரைபடம் கீறுவோருக்கான மதிப்பீடு

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ இருந்துகொண்டு மோட்டார் பந்தயம் ஓடுகிறவருக்குப் பயிற்சி நாட்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. கட்டுகுருந்த ஓடுதளம் களுத்துறைப் பக்கம். பன்னல சேர்கிட் (பந்தயச் சுற்றுப்பாதை) குருநாகல் மாவட்டத்தில். மண் பாதை என்றால் சாலியபுர, தியத்தலாவ. மலை வீதியில் ஏறும் பந்தயமான மலையேற்றம் என்றால் நுவரெலியாவின் மகாகஸ்தோட்ட, மாத்தறையின் எலியகந்த. நம் கரையில் நிரந்தரச் சேர்கிட் எதுவும் கிடையாது. அங்கே போய் ஓடிய பத்துப் பதினைந்து சுற்றுகளின் தரவை வீட்டுக்குக் கொண்டுவந்து ஆறுதலாக ஆராய்வதுதான் நமக்குக் கிடைக்கிற மேலதிகப் பயிற்சி. அந்த ஆராய்ச்சிக்கு அடித்தளம் ஓடுபாதை வரைபடம், பையன்கள் சொல்லும் ‘ட்ரக் மெப்’.

திரையில் வளைந்து நெளிந்து தெரியும் அந்தக் கோட்டைப் பலர் அழகுக்கு வைத்த படமாகவே பார்க்கிறார்கள். உண்மையில் அது ஓர் அடிமட்டம். இரண்டு சுற்றுகளை ஒப்பிடும்போது மென்பொருள் நேரத்தை வைத்து ஒப்பிடுவதில்லை. தொடக்கக் கோட்டிலிருந்து இத்தனையாவது மீற்றரில் இவர் எவ்வளவு வேகம், அவர் எவ்வளவு வேகம் என்றுதான் பார்க்கிறது. அந்த மீற்றரைச் சொல்வது வரைபடம். அடிமட்டம் பிழைத்தால் ஒருவர் பிரேக் பிடித்த இடமும் மற்றவர் பிரேக் பிடித்த இடமும் ஒரே இடமாகத் தெரியும், அல்லது ஒரே இடம் இரண்டாகத் தெரியும். பிறகு அதை வைத்துச் செய்யும் எல்லா வாதமும் வீண். இந்த மதிப்பீட்டில் ரேஸ்குரோனோ ப்ரோ என்ற போன் செயலியை அந்த ஒரு கண்கொண்டே பார்த்திருக்கிறோம்: சரியான அடிமட்டம் ஒன்றைக் கீற இது உதவுமா?

உதவும். ஆனால் போனுக்குள் இருக்கும் ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பினால் உதவாது. முதலில் அதைப் பேசிவிடுவோம்.

பெரும்பாலான போன்களின் உள் ஜிபிஎஸ் செக்கனுக்கு ஒரு தடவைதான் இடத்தைச் சொல்லும். மணிக்கு 100 கிலோமீற்றரில் போகும் கார் ஒரு செக்கனில் 27.8 மீற்றர் கடந்துவிடும். 140இலிருந்து 60க்கு நல்ல பிரேக்கில் இறங்க மூன்று செக்கன் கூடப் பிடிக்காது. அந்த முழுப் பிரேக்கிலும் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று புள்ளிகள். பிரேக் எங்கே தொடங்கியது என்பதே தெரியாது. 30 மீற்றர் ஆரையுள்ள கொண்டை ஊசி வளைவை மணிக்கு 54 கிலோமீற்றரில் சுற்றினால், 15 மீற்றருக்கு ஒரு புள்ளி விழும். அவற்றை நேர்கோட்டால் இணைக்கும்போது வளைவு ஏறத்தாழ 94 சென்ரிமீற்றர் உள்ளே வெட்டப்படும். அதே வளைவு 10 ஹேட்ஸ் கருவியில், அதாவது செக்கனுக்குப் பத்துத் தடவை இடத்தைச் சொல்லும் கருவியில், ஒரு சென்ரிமீற்றர் அளவுக்குத்தான் வெட்டுப்படும். இதற்கு மேல், போனின் மென்பொருள் புள்ளிகளை மழுப்பிச் சீராக்கும் பழக்கமும் உண்டு. வழிகாட்டிப் பாவனைக்கு அது நல்லது, பந்தயத் தரவுக்குக் கெடுதல்.

ஆகவே 10 ஹேட்ஸ் வெளிக்கருவி ஒன்று கட்டாயம். ரேஸ்குரோனோ ஏற்றுக்கொள்ளும் கருவிகளின் பட்டியல் நீளமானது, இதுதான் இந்தச் செயலியின் பெரும் பலம். கார்மின் குளோவும் கியூஸ்டார்ஸ் 818எக்ஸ்ரியும் 10 ஹேட்ஸ். ரேஸ்பொக்ஸ் மினி 25 ஹேட்ஸ். வரைபடம் கீற 10 போதும். 25 இருந்தால் மோட்டார் சைக்கிள்காரருக்கும் கார்ட் என்ற சிறு பந்தய வண்டி ஓடுகிறவருக்கும் இறுக்கமான வளைவுகளில் நன்மை தெரியும். பழைய 5 ஹேட்ஸ் கருவி கையில் கிடந்தால் வீசத் தேவையில்லை, வரைபடத்துக்கு ஒப்பேறும். பிரேக் ஆராய்ச்சிக்குத்தான் குறை. விலை டொலரோடு ஏறி இறங்குவதால் இங்கே எழுதிப் பயனில்லை. செயலிக்கு ஒரு தடவை பணம் கட்டினால் போதும், மாதச் சந்தா இல்லை என்பது நம்மைப் போல வருடத்தில் சில நாள் மட்டும் ஓடுகிறவர்களுக்கு முக்கியமான விடயம்.

கைவேலை தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. ரேஸ்குரோனோ தன் புளூடூத் முறையை வெளியே யாரும் பாவிக்கத் திறந்து விட்டிருக்கிறது. ஈஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகை ஒன்றும் யூபுளொக்ஸ் நிறுவனத்தின் ஜிபிஎஸ் பலகை ஒன்றும் இருந்தால் கருவியை வீட்டிலேயே செய்யலாம். ஒலுவில் பொறியியல் பீடத்துப் பிள்ளைகளுக்கு இது நல்ல செயற்றிட்டம். இதில் எல்லோரும் விழும் குழி ஒன்று இருக்கிறது. ஜிபிஎஸ் பலகை வரும்போது அது தரவு அனுப்பும் தொடர் வேகம் பெரும்பாலும் 9600 ‘போட்’ (அந்த வேகத்தின் அலகு). அதில் செக்கனுக்கு 960 எழுத்துகள்தான் போகும். இடமும் வேகமும் சொல்லும் இரண்டு வரிகள் சேர்ந்தாலே சுமார் 145 எழுத்து. 10 ஹேட்ஸுக்கு 1,450 வேண்டும். இது தெரியாமல் 10 ஹேட்ஸ் என்று அமைத்தால் வரிகள் பாதியில் அறுந்து, வரைபடம் பல்லுப் போன சீப்பு மாதிரி வரும். முதலில் 115200 போட் ஆக்குங்கள். செய்மதிப் பட்டியல் சொல்லும் ஜிஎஸ்வி வரிகளையும், தேவையில்லாத ஜிஎல்எல், விரிஜி வரிகளையும் நிறுத்துங்கள். இயக்க மாதிரியை வாகனம் என்று மாற்றுங்கள். நியோ 6எம் பலகை 5 ஹேட்ஸுக்கு மேல் போகாது. எம்8என் என்று விற்கப்படுபவற்றில் போலிகள் உலவுகின்றன, யூ-சென்ரர் மென்பொருளில் இணைத்துப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. ஐபோன் வைத்திருப்பவர்கள் குறைமின் புளூடூத் முறையில்தான் செய்ய வேண்டும். பழைய தொடர் புளூடூத் அன்ட்ரொயிட்டுக்கு மட்டும்.

தரவு எடுக்கும் நாள்

கருவியை ஓடுவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பே வெட்ட வெளியில் இயக்கி வையுங்கள். ஒரு செய்மதியின் பாதைத் தகவலை வாங்க 30 செக்கன் போதும் என்றாலும், எல்லாச் செய்மதிகளின் முழு அட்டவணையும் வந்து முடிய 12.5 நிமிடம் எடுக்கும். நீண்ட நாள் அணைந்து கிடந்து, முந்நூறு கிலோமீற்றர் லொறியில் வந்த கருவிக்கு இந்த ஆறுதல் தேவை. பிட்டில், அதாவது வாகனங்களை ஆயத்தம் செய்யும் இடத்தில், தகரக் கூரைக்குக் கீழே இயக்கிவிட்டு அப்படியே ஓடப் போனால் முதல் சுற்று முழுவதும் கோணலாக வரும்.

காரில் கருவிக்குச் சிறந்த இடம் கூரையின் நடு. அது முடியாவிட்டால் முன்கண்ணாடிக்குக் கீழே நடுவில். மோட்டார் சைக்கிளில் பின் சீற்றின் மேல், ஓட்டுபவர் குனிந்தாலும் உடல் மறைக்காத இடம். போனை ஹாண்டிலில் பூட்ட வேண்டாம்; அந்த அதிர்வு கமராவின் நடுக்கம் தடுக்கும் பொறியைப் பழுதாக்கும், வெயிலில் போன் சூடேறித் தானே நின்றும் விடும். போன் சட்டைப்பையில் இருந்தால் போதும்.

வரைபடத்துக்கு எந்தச் சுற்றை எடுப்பது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பாதையின் நடுவால் மெதுவாகப் போய் ஒரு சுற்று எடுப்பவர்கள் இருக்கிறார்கள். படம் அழகாக வரும். ஆனால் ஓடுகிற கோட்டின் நீளம் வேறு. இல்ல விளையாட்டுப் போட்டியில் 400 மீற்றருக்குத் தொடக்கக் கோடு ஏன் படிப்படியாக முன்னே போகிறது என்பது எல்லாருக்கும் தெரியும்: பாதை ஒன்று 1.22 மீற்றர் அகலம். வெளியே ஒரு பாதை தள்ளினால் சுற்று 7.67 மீற்றர் நீளும். அதாவது 1.22ஐ 2π ஆல் பெருக்கிய தொகை. இந்தக் கணக்கு எந்த வடிவச் சேர்கிட்டுக்கும் பொருந்தும். பாதை தன்னைத் தானே குறுக்காக வெட்டாதவரை, முழுச் சுற்றிலும் மூன்று மீற்றர் வெளியே போனவர் 18.8 மீற்றர் கூட ஓடியிருப்பார், அது ஒரு கிலோமீற்றர் சேர்கிட்டானாலும் ஐந்து கிலோமீற்றர் சேர்கிட்டானாலும். ஆகவே எங்கள் தெரிவு: வாகன நெரிசல் இல்லாத, வழுக்காத, வெளியே போகாத, வழமையான வேகமுள்ள ஒரு சுற்று. மிக வேகமான சுற்றாக இருக்க வேண்டியதில்லை. நான்கைந்து நல்ல சுற்றுகளின் நீளத்தை எழுதிப் பாருங்கள். நடுவில் வருவதை எடுங்கள்.

தொடக்கக் கோடு

ரேஸ்குரோனோவுக்குள் உலகச் சேர்கிட்டுகளின் பெரிய நூலகம் ஒன்று வருகிறது. அதில் இருப்பதை அப்படியே எடுத்து ஓடுவதற்கு முன் ஒரு தரம் சரிபாருங்கள். கட்டுகுருந்த போன்ற ஓடுதளச் சேர்கிட்டில் பாதையைப் பிரிப்பது கூம்புகளும் டயர்களும்தான். அமைப்பு மாறினால் போன வருட வரைபடம் பொருந்தாது. (அந்த ஓடுதளம் இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படை விமானங்களுக்குப் போட்டது. பந்தயத்துக்கென்று வெட்டிய பாதையல்ல என்பதால்தான் இந்த வில்லங்கம்.)

புதுப் பாதையைச் செயலியிலேயே ஆக்கலாம், அது இலகு. சுற்றுப் பாதையா, ஓரிடத்தில் தொடங்கி வேறிடத்தில் முடியும் பாதையா என்று முதலில் கேட்கும். பிறகு தொடக்கக் கோட்டின் இடம், திசை, அகலம். திசையையும் அகலத்தையும் அலட்சியப்படுத்துகிறவர்கள்தான் பின்னால் அவதிப்படுகிறார்கள். ஓடுதளத்தில் போகும் வழியும் வரும் வழியும் அருகருகே, சில மீற்றர் இடைவெளியில் இருக்கும். கோட்டை 40 மீற்றர் அகலத்துக்குப் போட்டால் இரண்டு வழியையும் அது தொட்டுவிடும். திசையைச் சரியாகக் கொடுத்திருந்தால் எதிர்த்திசைக் கடப்பைச் செயலி கணக்கெடுக்காது. திசை பிசகினால் ஒரு சுற்று இரண்டாக உடையும். பாதை அகலத்தோடு இருபுறமும் நான்கைந்து மீற்றர் கூட்டினால் போதும். மிகவும் ஒடுக்கினாலும் ஆபத்து, ஜிபிஎஸ் இரண்டு மூன்று மீற்றர் நகர்ந்த நாளில் கோட்டைக் கடந்ததே பதியாது.

கொடி அசைக்கும் இடத்திலேயே கோடு போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உத்தியோகபூர்வ நேரத்தோடு ஒப்பிட வேண்டுமென்றால் அங்கே போடுங்கள். உங்கள் ஆராய்ச்சிக்கென்றால் நேர்ப்பாதையின் நடுவில், வேகம் கூடிய இடத்தில் போடுங்கள். காரணம் எளிய கணக்கு. இடத்தில் ஒரு மீற்றர் வழு இருந்தால், செக்கனுக்கு 30 மீற்றர் வேகத்தில் அது 0.033 செக்கன் வழு. 10 மீற்றர் வேகத்தில் 0.1 செக்கன். வளைவு முடிந்து மெல்ல வெளியேறும் இடத்தில் கோடு போட்டவர் ஒவ்வொரு சுற்றிலும் பத்திலொரு செக்கனைத் தானே கலக்கிக்கொள்கிறார்.

பிரிவுகளை எங்கே வெட்டுவது

ஒரு சுற்றைத் தனித்தனியே நேரம் பார்க்க வெட்டும் துண்டுதான் பிரிவு. வரைபடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அதிகமான வரைபடங்கள் கெட்டுப்போவதும் இங்கேதான்.

வளைவின் உள்முனையில், அதாவது அபெக்ஸில், பிரிவை வெட்டாதீர்கள். பிரேக் பிடிக்கும் இடத்திலும் வெட்டாதீர்கள். பிரேக் பிடிக்கும் இடத்தில் எல்லை இருந்தால், பிந்திப் பிரேக் பிடித்தவர் முன் பிரிவில் இலாபம் காட்டுவார், அதனால் வளைவில் அகன்று போய் அடுத்த பிரிவில் நட்டம் காட்டுவார். திரையைப் பார்ப்பவருக்கு அவர் நேர்ப்பாதையில் கெட்டிக்காரர், வளைவில் மோசம் என்று தெரியும். உண்மையில் இரண்டும் ஒரே செயலின் இரண்டு பக்கம். எல்லையை, யார் எவ்வளவு முந்திப் பிரேக் பிடித்தாலும் அதற்கும் முன்னே இருக்குமாறு, நேர்ப்பாதைக்குள் 20, 30 மீற்றர் தள்ளிப் போடுங்கள். அப்போது பிரேக், திரும்பல், வெளியேற்றம் மூன்றும் ஒரே பிரிவுக்குள் வரும். அந்தப் பிரிவின் நேரம் அந்த வளைவைப் பற்றிய முழுத் தீர்ப்பாக இருக்கும்.

இரண்டு வளைவுகள் ஒட்டியிருந்தால் சேர்த்து ஒரு பிரிவாக வையுங்கள். முதல் வளைவில் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்து இரண்டாவதில் எடுப்பதுதான் அங்கே கெட்டித்தனம். பிரித்தால் அந்தக் கெட்டித்தனம் பிழையாகத் தெரியும். மோட்டெக் ஐ2 போன்ற மென்பொருள்கள் வளைவுகளைத் தாமாகக் கண்டு பிரித்துத் தரும். நேர்ப்பாதையில் வரும் சிறு சாய்வை வளைவென்று எண்ணியும், எஸ் வடிவத்தை மூன்றாக உடைத்தும் தரும் என்பதால், தானாக வந்ததைக் கையால் திருத்தாமல் பாவிக்க வேண்டாம். ரேஸ்குரோனோவில் பிரிவுக் கோடுகளை நீங்களே போட வேண்டும். இதைக் குறையென்று சிலர் சொல்கிறார்கள். எங்களுக்கு அப்படிப் படவில்லை. கையால் போடும்போதுதான் ஒவ்வொரு வளைவையும் பற்றி யோசிக்கிறோம்.

எண்ணிக்கை: ஒன்றரை, இரண்டு கிலோமீற்றர் சேர்கிட்டுக்கு நான்கு முதல் ஆறு பிரிவு. அதற்கு மேல் வெட்டினால், ஒவ்வொரு பிரிவிலும் பிடித்த மிகச் சிறந்த நேரங்களைச் செயலி கூட்டித் தரும் ‘சிறந்த சாத்தியமான சுற்று’ நேரம் நம்பமுடியாத அளவுக்குக் குறைந்துவிடும். ஒரு பிரிவில் வெறி கொண்டு பிடித்த நேரமும், அதன் விலையைக் கட்டாத வேறொரு சுற்றின் அடுத்த பிரிவு நேரமும் சேர்ந்து வருவதால் அப்படி ஆகிறது. பிரிவு நேர்ப்பாதையில் தொடங்கி நேர்ப்பாதையில் முடிந்தால் இந்த ஏமாற்று பெருமளவு அடங்கும்.

வரைபடம் சரியா என்று பார்க்க ஒரு சோதனை. ஒரே ஓட்டுநரின் இரண்டு சுற்றுகளின் வேக வரைபை ஒன்றன் மேல் ஒன்று போடுங்கள். ஒவ்வொரு வளைவிலும் மிகக் குறைந்த வேகம் விழும் இடம் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே மீற்றரில் இருக்க வேண்டும். முதல் வளைவில் பொருந்தி, போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக விலகினால் தூர அளவில் பிழை. தூரத்தை டயரிலிருந்து எடுக்கிறீர்களா, ஜிபிஎஸ் வேகத்திலிருந்தா என்று பாருங்கள். எல்லாம் பொருந்தி ஒரு வளைவுக்குப் பின் மட்டும் திடீரென விலகினால், அங்கே ஒருவர் அகன்று போயிருக்கிறார் அல்லது சில்லு பூட்டியிருக்கிறது. காரின் கணினியோடு இணைக்கும் ஓபிடி கருவியிலிருந்து வேகம் எடுப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அது ஜிபிஎஸ்ஸோடு நேரத்தில் பொருந்தாமல் பிந்தி வரும். 0.2 செக்கன் பிந்தினால் 30 மீற்றர் வேகத்தில் ஆறு மீற்றர் தள்ளிவிடும். இரண்டு வேகக் கோடும் பிரேக்கில் ஒரே இடத்தில் மடிகிறதா என்று பார்த்துத் திருத்துங்கள்.

எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது

திறந்த வெளியில் இந்த வகைக் கருவியின் இட வழு பொதுவாக இரண்டு மூன்று மீற்றர். அது மெதுவாக நகரும் வழு. ஒரு சுற்றுக்குள் அதிகம் தெரியாது. காலைச் சுற்றையும் பின்னேரச் சுற்றையும் மேலோடு மேல் போட்டால் முழுக் கோடும் ஒரு பக்கமாகத் தள்ளி நிற்கும். இதைப் பார்த்துவிட்டு ‘நீ பின்னேரம் அபெக்ஸை ஒரு மீற்றர் தவறவிட்டாய்’ என்று பிள்ளைகளைத் திட்டுவது அநியாயம். அதற்கு வீடியோ வேண்டும், அல்லது தரையில் நிலையம் வைத்துத் திருத்தும் விலைகூடிய முறை வேண்டும். வேகம் மட்டும் வேறு கதை. செய்மதி அலையின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து அதை எடுப்பதால், இடத்தை விட வேகம் பல மடங்கு நம்பகமானது. ஆகவே கோட்டின் இடத்தைச் சந்தேகியுங்கள், வேகத்தை நம்புங்கள்.

நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. புவியின் காந்த மத்தியகோடு இலங்கைக்கு மிக அருகால் போகிறது. சூரியன் மறைந்த பின் சில மணித்தியாலம், செய்மதி அலை கடந்து வரும் அயன் மண்டலம் (வானின் மின்னேற்றப் படை) இங்கே குழம்பும். மார்ச், செப்டெம்பர் மாதங்களை ஒட்டி இது கூடும். இரவு எட்டு மணிக்குச் செய்மதிகள் சில விட்டு விட்டு வருவதும், வரைபடம் நடுங்குவதும் கருவியின் பழுது அல்ல. இரவுப் பந்தயத்துக்கான வரைபடத்தைப் பகல் பயிற்சியிலேயே கீறி வைத்துவிடுங்கள். எல்1, எல்5 என்று இரண்டு அலைவரிசை பிடிக்கும் கருவியில் அயன் மண்டலம் தரும் பிந்துதலைக் கழித்துவிடலாம்.

உலோகச் சட்டங்கள் அலையைத் திருப்பி அடிக்கும்போது என்ன ஆகும் என்று பார்க்க ஆசையென்றால், கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு 1928ஆம் ஆண்டின் பழைய கல்லடிப் பாலத்தால் நடந்து பாருங்கள். நேரான பாலம் கோணலாக வரும். சேர்கிட்டில் பார்வையாளர் கொட்டகைக்கும் மேலே கட்டிய இரும்பு விளம்பரப் பலகைக்கும் கீழே நடப்பது இதுதான். அந்த இடங்களில் கோடு போடாதீர்கள்.

கருவியைச் சோதிக்க முந்நூறு கிலோமீற்றர் போக வேண்டியதில்லை. வெபர் மைதானத்திலோ உங்கள் பாடசாலை மைதானத்திலோ 400 மீற்றர் பாதை கீறியிருக்கும் நாளில், அனுமதி கேட்டு, சைக்கிளில் முதல் பாதையின் நடுவால் பத்துச் சுற்றுப் போங்கள். ஒரு சுற்று 400க்கும் 404க்கும் இடையில் வந்தால் கருவி நல்லது. ஏழெட்டு மீற்றர் கூடினால் இட நடுக்கத்தையும் தூரமாகக் கூட்டுகிறது. நடந்து சோதிக்க வேண்டாம், மெதுவான வேகத்தில் சில கருவிகள் இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காத்தான்குடிப் பிரதான வீதியிலோ கடற்கரை வீதியிலோ வேகமாக ஓடிச் சோதிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். பாடசாலைப் பிள்ளைகள் கடக்கும் வீதி அது. எந்தத் தரவும் அதற்கு ஈடாகாது.

மலையேற்றமும் மண் பாதையும்

மகாகஸ்தோட்ட போன்ற மலையேற்றத்தில் தொடக்கமும் முடிவும் வேறு வேறு. கார் தொடக்கத்தில் நிற்கும்போது ஜிபிஎஸ் புள்ளிகள் ஒரே இடத்தைச் சுற்றி நூல்சிக்குப் போலக் குவியும். தொடக்கக் கோட்டைச் சரியாகக் கார் நிற்கும் இடத்தில் போட்டால், அசையும் முன்பே நேரம் ஓடத் தொடங்கிவிடலாம். ஐந்து பத்து மீற்றர் முன்னே தள்ளிப் போடுங்கள். மரங்களும் மண்மேடும் வானத்தின் பாதியை மறைக்கும் இடத்தில் கோடு கிழிந்து வரும்; அந்தத் துண்டுக்கு இரண்டு மூன்று ஓட்டங்களை ஒப்பிட்டு நல்லதை எடுக்க வேண்டும். உயரத்தை ஜிபிஎஸ்ஸிலிருந்து எடுத்துச் சாய்வைக் கணக்கிட வேண்டாம், உயர வழு எப்போதும் கிடை வழுவை விடக் கூட.

சுப்பர்குரொஸ் மண் பாதை ஒவ்வொரு போட்டிக்கும் வெட்டித் திருத்தப்படும். பழைய வரைபடம் பயன்படாது, பயிற்சி ஓட்டத்தில் புதிதாகக் கீறுங்கள். அதற்கு ரேஸ்குரோனோவில் சில நிமிடம்தான் செல்லும். இந்த வேகத்தில்தான் அது பெரிய மென்பொருள்களை வெல்கிறது.

வெல்லாத இடம் ஒன்று உண்டு. ஜிபிஎஸ்ஸே இல்லாத பழைய தரவிலிருந்தும் வரைபடம் கீறலாம்: வேகமும் பக்க ஆர்முடுகலும் இருந்தால் போதும். உயர்தரத்தில் படித்த அதே சூத்திரம், ஆரை என்பது வேகத்தின் வர்க்கத்தை ஆர்முடுகலால் வகுத்தது. மணிக்கு 72 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்கு 20 மீற்றர்; 0.8 ஜி, அதாவது புவியீர்ப்பு ஆர்முடுகலின் 0.8 மடங்கு, என்றால் 7.85, ஆரை 51 மீற்றர். இப்படியே துண்டு துண்டாகத் தொகையீடு செய்து மோட்டெக் ஐ2வும் எய்ம் நிறுவனத்தின் பழைய ரேஸ் ஸ்டூடியோ 2வும் வரைபடம் கீறும். ரேஸ்குரோனோவுக்கு ஜிபிஎஸ் வேண்டும். அந்த முறையைப் பாவிப்பவர்கள் உணரியின் பூச்சியத்தை முதலில் சரிசெய்ய வேண்டும். 0.02 ஜி மட்டும் பிசகியிருந்தால், செக்கனுக்கு 25 மீற்றர் வேகத்தில், 80 செக்கன் சுற்றில் திசை 36 பாகை திரும்பிவிடும். தொடங்கிய இடத்துக்கு வராமல் வாய் பிளந்த வரைபடம் வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். மென்பொருள் அந்த வாயை இழுத்து மூடிவிடும், ஆனால் பிழை எல்லா வளைவுக்கும் பகிரப்படும். மோட்டார் சைக்கிளுக்கு இந்த முறை அறவே சரிவராது. வண்டி வளைவுக்குள் சாய்ந்திருப்பதால், அதில் பூட்டிய உணரி பக்கவாட்டில் ஏறத்தாழ ஒன்றையும் காட்டாது.

வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோகும்போது

போன் திரை சிறியது. ஆறுதலாகப் பார்க்கக் கணினிதான் வேண்டும். ரேஸ்குரோனோ சிஎஸ்வி, விபிஓ, என்எம்ஈஏ வடிவங்களில் தரவை வெளியே தரும். இலவசமாகக் கிடைக்கும் சேர்கிட் டூல்ஸ் என்ற விபொக்ஸ் மென்பொருளுக்கு விபிஓ கோப்பு. எய்ம் கருவி வைத்திருப்பவர்களுக்கு ரேஸ் ஸ்டூடியோ 3 இலவசம், ஆனால் அது அவர்களின் கருவிக்கென்று செய்தது.

விபிஓ கோப்பைக் கையால் திருத்துகிறவர்கள் கவனிக்க வேண்டியது: அதில் இடம் பாகையில் இல்லை, கலையில், அதாவது பாகையை 60 ஆல் பெருக்கி எழுதப்படும். நெட்டாங்கில் மேற்குத்தான் நேர்க்குறி. நாம் கிழக்கில் இருப்பதால் மட்டக்களப்பின் 81.70 பாகை அங்கே மறை 4902 ஆகும். குறியை மறந்தால் இடவளைவெல்லாம் வலவளைவாகிக் கண்ணாடியில் பார்த்தது போல வரும். கூகிள் ஏர்த்தின் கேஎம்எல் கோப்பில் நெட்டாங்கு முதலில், அகலாங்கு பிறகு. மாற்றிப் போட்டால் உங்கள் சேர்கிட் ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும்.

எக்செல்லில் சிஎஸ்வியைத் திறந்து அப்படியே சேமிப்பதுதான் அடிக்கடி நடக்கும் அழிவு. திரையில் எத்தனை தசம இடம் தெரிகிறதோ அத்தனையைத்தான் அது சேமிக்கும். நான்கு தசமம் என்றால் 11 மீற்றர் படி, ஐந்து என்றால் 1.1 மீற்றர். ஆறோ ஏழோ வேண்டும். வரைபடம் திடீரெனப் படிக்கட்டுப் போல மாறினால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மூலக் கோப்பின் பிரதி ஒன்றை எப்போதும் தொடாமல் வையுங்கள்.

பாகையை மீற்றராக்கும்போது நமக்கு ஒரு வசதி. மட்டக்களப்பின் அகலாங்கில் ஒரு பாகை வடக்கே 110.59 கிலோமீற்றர், கிழக்கே 110.32. இரண்டும் ஏறத்தாழ ஒன்று. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டனில் கிழக்கே ஒரு பாகை 69 கிலோமீற்றர் கூட இல்லை. அங்கே திருத்தம் செய்யாவிட்டால் படம் நசுங்கும். இங்கே நீங்களே எழுதிய சிறு நிரலில் திருத்தத்தை மறந்தாலும் வடிவம் கெடாது, ஆயிரம் மீற்றருக்கு இரண்டரை மீற்றர் பிசகும் அவ்வளவுதான். நில அளவைத் திணைக்களத்தின் பழைய தாளிலிருந்து இடத்தை எடுப்பதானால் மட்டும் எச்சரிக்கை: அது கண்டவல என்ற பழைய ஆள்கூற்று அடிப்படையில் கீறியது. ஜிபிஎஸ் பாவிக்கும் டபிள்யூஜிஎஸ்84 என்ற அடிப்படையோடு ஒப்பிட்டால் 200 மீற்றர் அளவுக்கு விலகும்.

வரைபடத்தை வட்ஸ்அப்பில் நண்பர்களோடு பகிரும்போது கோப்பின் பெயரிலேயே ஐந்தை எழுதுங்கள்: இடம், அந்த நாளின் அமைப்பு, ஓடிய திசை, திகதி, கருவி. ‘கட்டுகுருந்த புதுசு’ என்ற பெயரில் வரும் கோப்பை அடுத்த வருடம் திறப்பவருக்கு அது எந்தப் புதுசு என்று தெரியாது.